காலை ஜெபமும் இரண்டாவது ரெஜிஸ்டரும்

கேள்வி:

ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு 36 வயது. சொந்த ஊர் தரங்கம்பாடிப் பக்கம், பரம்பரை லுத்தரன் குடும்பம். கல்யாணமாகித் திருப்பூர் வந்து 12 வருடம் ஆகிறது. கணவர் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். நான் ஒரு பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸ் (வருகை, வேலை நேரப் பதிவு) பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள்.

என் பாட்டி நாலு மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்பார். என்னால் பத்து நிமிடம்கூட முடியவில்லை. ஐந்து மணிக்கு எழுந்தால் டிபன், சாப்பாட்டு டப்பா, பிள்ளைகளின் வேன் என்று ஓடி எட்டரைக்குக் கம்பெனிக்குப் போய்விட வேண்டும். இரவு குடும்ப ஜெபத்தில் பாட்டு முடிவதற்குள் தூங்கிவிடுகிறேன், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "நீங்கள் ஒரு மணி நேரமாவது என்னோடுகூட விழித்திருக்கக் கூடாதா?" என்ற வசனத்தை ஜெபக்குழு அக்கா ஒருவர் எனக்கு அடிக்கடி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஆயுத பூஜை அன்று கம்பெனியில் தரும் பொரியை வாங்கலாமா என்றும் குழப்பம். பையர் ஆடிட்டுக்காகச் சில ரெஜிஸ்டர்களை மாற்றி எழுத வேண்டியிருக்கும், அது இங்கே எல்லா இடத்திலும் உள்ளதுதான். ஆனால் ஜெப வாழ்க்கை இல்லாததுதான் என்னை அரிக்கிறது. நான் வெறும் பெயர்க் கிறிஸ்தவளா? கொஞ்ச நாளாக ராப்போஜனத்துக்கு (அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு) முன்பே எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். அன்றாடம் விசுவாசத்தோடு வாழ்வது எப்படி?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நீளமானது. அச்சுக்காகச் சுருக்கியிருக்கிறோம், உங்களை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியும் இருக்கிறோம். சுருக்கியதில் போன பகுதியெல்லாம் தூக்கத்தைப் பற்றியது. எந்த மாதம் எந்த அலாரம் வைத்தீர்கள், எந்தத் தியானப் புத்தகத்தை எத்தனையாம் பக்கத்தில் விட்டீர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். ரெஜிஸ்டர் பற்றிய வாக்கியம் ஒன்றே ஒன்று. அதை அப்படியே, ஓர் எழுத்தும் குறைக்காமல் மேலே தந்திருக்கிறேன்.

குருவானவராகவும் ஆற்றுப்படுத்துநராகவும் பல வருடம் கடிதங்கள் படித்ததில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எழுதுகிறவர் எதைப் பற்றி அதிகம் அழுகிறார் என்று பார்ப்பேன். எதை ஒரே வரியில் தாண்டிப் போகிறார் என்றும் பார்ப்பேன். உங்கள் கடிதத்தில் இவை இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலில் தூக்கத்தை முடித்துவிடுவோம்.

ஜெபக்குழு அக்கா அனுப்பும் வசனம் மத்தேயு 26:40. அடுத்த வசனத்தையும் அவர் சேர்த்து அனுப்பியிருக்கலாம். "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று அங்கே சொல்வதும் அதே இயேசுதான், அதே மூச்சில்தான். மரணத்துக்கு முந்தின இரவில், தூங்கி வழிகிற சீஷர்களைப் பார்த்துக் கோபப்பட முழு உரிமை இருந்தவர், அவர்களுக்காகச் சாக்குச் சொல்கிறார். அந்தச் சீஷர்கள் மறுபடியும் தூங்கினார்கள், அதற்குப் பிறகும் தூங்கினார்கள். அவர்களைக் கொண்டுதான் சபை கட்டப்பட்டது.

எலியா தீர்க்கதரிசியையும் நினைத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று விழுந்து கிடந்தவனிடம் தேவதூதன் "எழுந்து ஜெபம் பண்ணு" என்று சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டான், திரும்பத் தூங்கினான். தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பிடத்தான் எழுப்பினான். 127-ஆம் சங்கீதம் இன்னும் வெளிப்படையானது: அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா, கர்த்தர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார். நாலு மணி ஜெபத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் இந்தச் சங்கீதத்தை வீடு பிரதிஷ்டைக்கு மட்டும் எடுத்து, முதல் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

உங்கள் பாட்டி நாலு மணிக்கு எழுந்தது உண்மை. இரவு எட்டு மணிக்கெல்லாம் அவர் படுத்திருப்பார், அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். டிவி கிடையாது, போன் கிடையாது, அடுத்த நாள் எட்டரைக்குப் பஞ்ச் வைக்க வேண்டிய கம்பெனி கிடையாது. அவருடைய பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய கடிகாரத்தை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதைப் பார்த்து அழுகிறீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

திடப்படுத்தலுக்காக நீங்கள் மனப்பாடம் செய்த சிறிய ஞானோபதேசம் என்ற வினாவிடை நூல் 1529-இல் வந்தது. ஊர்ச் சபைகளைச் சுற்றிப் பார்த்து, ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லை என்று மனம் நொந்த பிறகு, நம் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் எழுதியது அது. அதில் காலை ஜெபத்துக்கு அவர் வைத்த ஒழுங்கு என்னவென்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். படுக்கையை விட்டு எழுந்ததும் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், விரும்பினால் ஒரு சின்ன ஜெபம். முழங்காலிலும் இருக்கலாம், நின்றுகொண்டும் செய்யலாம் என்கிறார். பிறகு சந்தோஷமாய் வேலைக்குப் போ என்கிறார். நிதானமாகச் சொன்னாலும் அரிசி களைந்து உலை வைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். இரவுக்கும் அதே ஒழுங்குதான், அதன் முடிவில் வரும் கட்டளை எனக்கு மிகவும் பிடிக்கும்: உடனே மகிழ்ச்சியாய்த் தூங்கு. நீங்கள் பாட்டு முடிவதற்குள் தூங்கிவிடுகிறீர்கள். கொஞ்சம் முந்திவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வருடத்துக்கு உங்களுக்கு நான் விதிப்பது இதுதான். காலையில் அடுப்பைப் பற்றவைத்ததும் நின்றபடியே விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும். இரவில் குடும்ப ஜெபத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்காமல் சாப்பாட்டுக்கு முன்னே கொண்டுவாருங்கள். ஒரு பாட்டு வேண்டாம், ஒரு சரணம் போதும். பெரிய பிள்ளை வேதம் வாசிக்கட்டும், கணவர் ஜெபிக்கட்டும். அவர் கூச்சப்பட்டால் கர்த்தருடைய ஜெபத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். இதைக் குறைந்தபட்சம் என்று நினைக்காதீர்கள். இதுவே முழுமை. அந்த வாட்ஸ்அப் செய்திகளை 'மியூட்' செய்ய அனுமதி வேண்டுமென்றால் அதையும் தருகிறேன்.

பொரி விஷயம். கொரிந்துச் சபைக்குப் பவுல் இதைப் பற்றி இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம், ஆனால் ஒருவர் "இது விக்கிரகத்துக்குப் படைத்தது" என்று சொல்லிக் கொடுத்தால் அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிட வேண்டாம் என்கிறார். ரிம்மோன் கோவிலில் எஜமான் என் கைமேல் சாய்ந்து பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்குமே என்று தவித்த சீரியத் தளபதி நாகமானுக்கு எலிசா தீர்க்கதரிசி நீண்ட விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. "சமாதானத்தோடே போ" என்றான். நம் குருமார் இதில் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். என் கருத்து, பூஜையில் நிற்பதும் நிற்காததும் உங்கள் மனச்சாட்சி. பொரிப் பொட்டலத்தை நீட்டுகிற கைமடிப் (தையல் உதவி) பெண்ணின் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பது மட்டும் கூடாது. வாங்கி, நன்றி சொல்லி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தாலும் வானம் இடிந்து விழாது. இதற்குமேல் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

இப்போது அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன்.

கொங்குப் பகுதியில் ஒரு சபையில் நான் ஊழியம் செய்திருக்கிறேன். அங்கே சனிக்கிழமை இரவு எந்தக் கூட்டம் வைத்தாலும் ஆள் வராது. சம்பள நாள். ஞாயிறு காலை ஆராதனையில் பாதிப்பேர் கண் சிவந்து உட்கார்ந்திருப்பார்கள், வெள்ளிக்கிழமை 'ஷிப்மெண்ட்' போயிருக்கும். ஆகையால் உங்கள் வாக்கியத்துக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. பையர், அதாவது சரக்கு வாங்குகிற கம்பெனி, நடத்தும் ஆடிட்டுக்கு ஒரு ரெஜிஸ்டர், உண்மைக்கு ஒரு ரெஜிஸ்டர். ஆடிட்டருக்குக் காட்டுவதில் எல்லோரும் எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு, ஞாயிறு ஓய்வெடுத்துக்கொண்டு, ஆனந்தமாக வீட்டுக்குப் போகிறார்கள். உண்மையில் ஓடுவது ஒன்றரை ஷிப்ட். எல்லாக் கம்பெனியும் இப்படி இல்லை. நேராக நடத்துகிற முதலாளிகளையும் எனக்குத் தெரியும், அவர்கள் இரவில் நன்றாகத் தூங்குகிறார்கள். ஆனால் நீங்கள் சொல்வது நடக்கவில்லை என்று சாதிக்கவும் என்னால் முடியாது.

"எல்லா இடத்திலும் உள்ளதுதான்" என்பதை நான் ஏற்கவில்லை. காலை ஜெபம் இல்லாததும் எல்லா வீட்டிலும் உள்ளதுதானே? அதற்கு அழுகிற நீங்கள் இதற்கு அழவில்லை. காரணம் எனக்குப் புரிகிறது. ஜெபம் தவறினால் அது உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ள விஷயம், அழுது தீர்த்துக்கொள்ளலாம். ரெஜிஸ்டரைத் தொட்டால் மேனேஜர், சம்பளம், வீட்டு லோன், பிள்ளைகளின் பீஸ் எல்லாம் கூடவே கிளம்பி வரும். அதனால் மனச்சாட்சி தனக்குக் கையாள முடிந்த இடத்தில் குத்திக்கொள்கிறது. உங்களை அரிப்பது காலை ஜெபம்தான் என்று நீங்கள் உறுதியாகச் சொல்கிறீர்கள். நான் அவ்வளவு உறுதியாக இல்லை.

ஆற அமர ஒரு கணக்குப் போடுவோம். 1948-இன் தொழிற்சாலைச் சட்டமே மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று எழுதிவிட்டது. ஒரு பேச்சுக்கு, துணியைச் சரிபார்க்கிற ஒரு செக்கிங் பெண்ணுக்கு ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் கையில் 750 வரும். சட்டப்படி வர வேண்டியது 1,000. ஆறு நாளில் 1,500 ரூபாய் அவள் பையில் விழாமல் போகிறது. அது நடந்ததற்கான ஒரே எழுத்துச் சாட்சி நேரக் கணக்கு. அந்தக் கணக்கு உங்கள் மேசையில் காணாமல் போகிறது. இதில் உங்களுக்கு ஒரு ரூபாய் லாபம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிற கை உங்களுடையது.

நேரத்தைக் குறைத்து எழுதுவதைவிடப் பெரியது நாளைக் குறைத்து எழுதுவது. புதிதாகச் சேர்ந்தவர்களைச் சில மாதம் ரோலில் (பணியாளர் பதிவேட்டில்) ஏற்றாமல் வைப்பது உங்கள் இடத்தில் உண்டா என்று பாருங்கள். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் ஒரு பெண்ணுக்கு 26 வாரப் பேறுகாலப் பலன் உண்டு. அது கிடைக்க முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் ஆறு மாதம்) 70 நாளாவது அவள் பெயரில் பங்களிப்பு இருக்க வேண்டும். நோய்க்காலப் பலனுக்கு ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாள். கடைசி மூன்று மாதத்தில் சேர்ந்ததாக எழுதப்பட்டவள், உண்மையில் பத்து மாதம் நின்றுகொண்டே துணி பார்த்தவளாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அவளுக்குக் கிடைக்கும் பதில் உங்கள் மேசையில் எழுதப்பட்டது. ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த பெண்ணாக இருந்தால், ஏன் என்று கேட்கும் மொழிகூட அவளுக்கு இருக்காது.

ஞானோபதேசத்தில் களவு செய்யாதிருப்பாயாக என்பது நமக்கு ஏழாம் கற்பனை (கட்டளை), பொய்ச்சாட்சி எட்டாம் கற்பனை. ஏழாவதுக்கு லுத்தர் தரும் விளக்கம், பிறன் பணத்தை எடுக்காதே என்பதோடு நிற்கவில்லை. அவனுடைய பொருளையும் பிழைப்பையும் காத்துக்கொள்ள உதவி செய் என்று முடிகிறது. டைம் ஆபீஸ் என்பது அந்த இரண்டாம் பாதிக்காகவே உண்டான நாற்காலி மாதிரி எனக்குப் படுகிறது. ஒரு கம்பெனியில் தொழிலாளியின் உழைப்பு எழுத்தாக மாறுகிற இடம் வேறு எது?

பயப்படாதீர்கள். வேலையை நாளைக்கே விடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்கிற பிரசங்கியாரின் வீட்டு வாடகையைப் பெரும்பாலும் வேறு யாரோ கட்டிக்கொண்டிருப்பார்கள். யோர்தான் கரையில் வரி வசூலிக்கிற ஆயக்காரர் வந்து "நாங்கள் என்ன செய்ய வேண்டும்" என்று கேட்டபோது யோவான் ஸ்நானன் அவர்களை வேலையை விடச் சொல்லவில்லை. "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்றான். அடுத்து வந்த போர்ச்சேவகரையும் பட்டாளத்தை விடச் சொல்லவில்லை. ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதே, பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு. அவ்வளவுதான் சொன்னான். மனந்திரும்புதலின் கனி எது என்று அந்தந்தத் தொழிலுக்குள்ளேயே கை வைத்துக் காட்டினான். எத்தனை மணி ஜெபம் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

உங்கள் தொழிலுக்குள் கை வைத்தால் எனக்குத் தெரிவது இவை.

முதலில் உங்களுக்கே தெரிய வேண்டும், நீங்கள் மாற்றுவது எது என்று. ஆடிட்டருக்கு நேரத்தை மறைப்பது ஒன்று. வேலை பார்த்த நேரத்துக்கே கூலி தராமல் வெட்டுவது வேறொன்று. தொழிலாளிக்குப் பதில் கையெழுத்தோ ரேகையோ போடுவது இன்னொன்று. எல்லாம் தவறுதான், ஆனால் எல்லாம் ஒரே எடை அல்ல. கடைசி இரண்டும் உங்கள் கைக்கு வந்தால் அங்கே நின்றுவிடுங்கள். "சார், இன்னொருத்தர் கையெழுத்தை நான் போட மாட்டேன்" என்று மேனேஜரிடம் தனியாக, பணிவாக, ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். வசனம் சேர்க்க வேண்டாம். வசனம் சேர்த்தால் பேச்சு மதத்தைப் பற்றியதாகிவிடும், கையெழுத்து மறந்துபோகும். சட்டப்படியும் அது போர்ஜரி. மாட்டினால் முதலாளி வக்கீல் வைப்பார், "டைம் ஆபீஸ் பொம்பளை செய்த தப்பு" என்பார். இதை நீங்கள் நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, உங்கள் கைக்குள் இருக்கிற சின்ன வேலைகள். ஒவ்வொரு பெண்ணுக்கும் பி.எப். கணக்குக்கான யுஏஎன் எண் இருக்கிறதா, அது அவளுடைய சொந்த மொபைலோடு இணைந்திருக்கிறதா, பி.எப். பாஸ்புக்கை அவளே திறந்து பார்க்கத் தெரியுமா? மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினம் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். எந்த மேனேஜரும் இதைத் தப்பு என்று வெளியே சொல்ல முடியாது. புதிதாகச் சேர்ந்தவரை முதல் வாரத்திலேயே ரோலில் ஏற்றும்படி மேனேஜரைத் தொடர்ந்து நினைவுபடுத்துங்கள். கர்ப்பமாக இருக்கிற பெண்ணின் இ.எஸ்.ஐ. நாள்களை எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். கூலிச் சீட்டில் உண்மை நேரத்தை எழுதிக் கையில் கொடுங்கள். இவை உங்கள் சபையின் ஆண்டறிக்கையில் வராது. நற்கிரியை என்று இவற்றுக்குப் பெயர் சொல்லவும் கூச்சமாக இருக்கும். நான் சொல்லிவிடுகிறேன்.

ஆடிட் ரெஜிஸ்டர் விஷயம் ஒரே நாளில் தீராது. உங்கள் மேனேஜரிடம் கேட்டால் வேறொரு கதை சொல்வார். பையர் விலையை ஏற்ற மாட்டான், தேதியையும் தள்ள மாட்டான், ஆர்டர் பங்களாதேஷுக்குப் போய்விடும் என்பார். அதில் உண்மை இருக்கிறது. அந்த ஆர்டர் போனால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவளும் அதே செக்கிங் பெண்தான். ஆகையால் கோபத்தில் எதையாவது போட்டோ எடுத்து யாருக்காவது அனுப்பாதீர்கள். கணவரோடு உட்கார்ந்து, லோன், பீஸ், கையிருப்பு எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். வேறு கம்பெனியில், இதே திருப்பூரில், நேரான ரெஜிஸ்டர் வைக்கிற இடத்தில், இரண்டாயிரம் குறைவாகக் கிடைத்தாலும் போக முடியுமா? முடியுமென்றால் எந்த மாதம்? ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாத நல்லெண்ணம் நம் சபைகளில் ஏராளமாகக் கிடக்கிறது. அதுவரை "இதை எழுதச் சொல்கிறீர்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை" என்று ஒவ்வொரு முறையும் வாய் திறந்து சொல்லிவிட்டு எழுதுங்கள். இது அரைகுறையான யோசனை என்று கண்டிப்பான சகோதரர் சிலர் எனக்கு எழுதுவார்கள். எழுதட்டும். வழக்கமாகிப் போன பாவத்தைத் திரும்ப உறுத்தலாக்குவதே முதல் படி என்று நான் நம்புகிறேன்.

நாகமானுக்குக் கிடைத்த "சமாதானத்தோடே போ" இங்கே செல்லாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் குனிந்ததால் யாருடைய கூலியும் குறையவில்லை. அறுவடை செய்தவருடைய பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். பொரிக்கு அப்படி ஒரு வசனம் வேதத்தில் எங்கும் இல்லை.

இனி ஜெபத்துக்கே திரும்ப வருகிறேன், வேறு பக்கத்திலிருந்து. 1535-இல் விட்டன்பர்க் ஊரில் லுத்தருக்குச் சவரம் செய்த பேதுரு என்பவர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். லுத்தர் அவருக்கு ஒரு சிறு நூலே எழுதிக்கொடுத்தார். நல்ல சவரத் தொழிலாளி கத்தியிலும் மயிரிலும் கண்ணாயிருப்பதுபோல ஜெபத்திலும் கவனம் வேண்டும் என்றார். உண்மையாய் உழைக்கிறவன் இரண்டு தரம் ஜெபிக்கிறான் என்ற பழமொழியையும் எடுத்துச் சொன்னார், அதைச் சாக்காக்கிச் சோம்பலாகாதே என்றும் எச்சரித்தார். இதுவரை பிரசங்கங்களில் வரும். பிறகு நடந்தது வராது. அதே வருடம் பேதுரு குடிபோதையில் தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றார். லுத்தரும் நண்பர்களும் பரிந்து பேசியதால் உயிர் தப்பினார், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். லுத்தரிடமே ஜெபம் கற்றவர் அவர். நல்ல ஜெப ஒழுங்கு இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்தச் சவரத் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஜெபப் பட்டியல் தயாராக இருக்கிறது. காலையில் முதலில் திறக்கிற வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலில் எத்தனை பெயர்? ஒரு பக்கத்தைப் புரட்டும்போது ஒரு பெயரில் நின்று, "ஆண்டவரே, இவளுக்கு இரங்கும்" என்று சொல்லுங்கள். மூன்று விநாடி போதும், யாருக்கும் தெரியாது. தினம் ஒரு பெயர் போதும். காலையில் அப்படிச் சொல்லிவிட்டு, மாலையில் அதே பெயருக்கு எதிரே நான்கு மணி நேரத்தைக் குறைத்து எழுதிப் பாருங்கள். என்ன ஆகிறது என்று எனக்கு எழுதுங்கள். பாட்டியின் நாலு மணி ஜெபத்தைவிட இது கஷ்டமானது என்பது என் எண்ணம்.

உங்கள் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பாதிதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள் என்பதால். ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியதும், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதும், 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழும்பியதும் ஓய்வுநாள் பள்ளியிலேயே உங்களுக்கு வந்திருக்கும். 1708-இன் கடைசியில் தொடங்கி அவர் நான்கு மாதம் சிறையில் இருந்தார் என்பதும் தெரிந்திருக்கலாம். காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் விதவை. இறந்த கணவனுக்கும் அன்று ஊரை ஆண்ட டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் இடையே இருந்த கடன் வழக்கில் அவளுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று சீகன்பால்க் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். கோட்டையின் டேனிஷ் தளபதிக்கு அது பிடிக்கவில்லை. பிரசங்கித்ததற்காக மட்டும் அவரை அடைத்தார்கள் என்றுதான் நான் சிறுவயதில் நினைத்திருந்தேன். ஒரு ஏழைப் பெண்ணின் கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டதும் அதில் சேர்த்தி.

கடைசியாக, ராப்போஜனம். நீங்கள் எழுந்து வெளியே போவதற்குக் காரணம் "அபாத்திரமாய்" (தகுதியில்லாமல்) என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 11-ஆம் அதிகாரத்தில் வரும் எச்சரிக்கை. அந்த அதிகாரத்தைச் சற்று மேலேயிருந்து படியுங்கள். கொரிந்துவில் நடந்த தப்பு ஜெபக்குறைவு அல்ல. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்று வெட்கப்பட்டார்கள். "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்பதுதான் பவுல் சொன்ன மருந்து. ஆக உங்கள் ஜெபக் குறைவுக்காக நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. ரெஜிஸ்டர் அந்த மேசைக்கு மிக அருகில் வருகிற விஷயம்தான், ஆனால் அதற்கும் வெளியேறுவது மருந்தல்ல. ஞானோபதேசப்படி உபவாசமும் ஆயத்தமும் நல்ல பழக்கங்கள். ஆனால் "உங்களுக்காக" என்ற வார்த்தையை நம்பி வருகிறவரே பாத்திரமானவர்.

அடுத்த ராப்போஜன ஆராதனைக்கு முந்தின வாரம் உங்கள் சபைக் குருவானவரைத் தனியாகப் பாருங்கள். லுத்தரன் சபைகளில் தனி பாவ அறிக்கை இன்னும் ஒழிக்கப்படவில்லை, யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். கம்பெனிப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் செய்ததை மட்டும் சொல்லுங்கள். அவர் அதை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது, அது அவருடைய அபிஷேகத்தில் கட்டுண்ட கடமை. அவர் உங்கள் தலையில் கை வைத்து மன்னிப்பைச் சொல்வார். உடனே பேச்சைக் காலை ஜெபத்துக்குத் திருப்பினால், பணிவாக மறுபடி ரெஜிஸ்டருக்கே கொண்டுவாருங்கள். உங்கள் ஊரில் அவரிடம் பேசத் தயக்கமாக இருந்தால், இந்தப் பகுதியின் முகவரிக்கே எழுதுங்கள். பக்கத்துச் சபையில் நம்பிக்கையான ஒருவரைச் சொல்கிறேன். ஞாயிறு 'ஷிப்மெண்ட்' இருந்தால் அந்த வாரம் காலை முதல் ஆராதனைக்குப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.